மாதக் கடைசி இருமல்

மாதக் கடைசி வந்துவிட்டால் உப்போடையில் தெருவே இருமும்.

இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே கச்சேரி ஆரம்பித்துவிடும். நேற்றுவரை மாடிப்படியைத் தாவி ஏறிய ஆசாமி அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகுவார். கொடிகளில் நல்ல சேலைகள் மறைந்து கிழிசல் போர்வைகள் காயும். முட்டி வலி, முதுகு வலி, தூக்கமின்மை எல்லாம் வாசலுக்கு வந்து உரக்கப் பேசப்படும். யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டால் அது அவர்களுக்கே தெரியாது. தங்களுடைய சாட்சி யாரோ, அவர் காதில் விழுந்தால் சரி.

பணம் ஒழிந்து ஐம்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. சோறு, துணி, வீடு, பஸ், பள்ளிக்கூடம் எதற்கும் யாரும் எதையும் நீட்ட வேண்டியதில்லை. கடைக்குப் போனால் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் எல்லாப் பொருளும் எல்லாருக்கும் போதுமான அளவு விளைந்துவிடுமா? ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற நுரையீரல் உப்போடை வட்டாரத்துக்கு வருஷத்துக்கு ஏழுதான் வரும். கண்ணும் ஈரலும் அப்படித்தான். இருக்கிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்கிற இடத்தில்தான் சாட்சி வருகிறார். உங்கள் தேவையை நீங்கள் சொல்லக் கூடாது. உங்களைத் தினமும் பார்க்கிற, உங்களுக்கு உறவில்லாத ஒருவர் சொல்ல வேண்டும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்களும் ஊரில் யாரோ ஒருவருக்குச் சாட்சிதான். அதை நீங்களும் வெளியே மூச்சு விடக் கூடாது. மாதக் கடைசியில், இருபத்தெட்டிலிருந்து மூன்று நாள், ஒவ்வொருவர் கையிலுள்ள மின்பலகையிலும் ஒரே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ‘குறை உண்டா?’

ஊரே இருமுகிற அந்த மூன்று நாளும் இருமாத ஒரே ஆள் ஆதவன். அவருக்குத்தான் நிஜமாகவே நுரையீரல் போய்க்கொண்டிருந்தது.

பழைய அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தைப் பதினோரு வருஷம் அள்ளியவர் அவர். சம்பளம் என்ற ஒன்று இல்லாத உலகத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு யார் போவார்கள்? யாரும் போகவில்லை. ‘யாராவது செய்யணும்லா’ என்று சொல்லிக்கொண்டு ஆதவன் போனார். குளம் சுத்தமானது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் நெஞ்சுக்குள் அந்தச் சாம்பல் வந்து உட்கார்ந்துகொண்டது. இருமல் வந்தால் மற்ற நாளில் வீடே அதிரும். மாதக் கடைசியில் மட்டும் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கண் பிதுங்க அடக்குவார்.

“என்ன வீம்பு இது? வருத இருமலை எதுக்கு முழுங்குதீங்க?” என்று அவர் மனைவி நிறைமதி கத்துவாள்.

“அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன்னு நெனச்சிருவாங்க, நிறை. கேட்டு வாங்குத பொழப்பு நமக்கு வேண்டாம். பாக்குதவங்களுக்குத் தெரியாமலா போவும்?”

பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்று நிறைமதியும் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி காலை நுரையீரல் பட்டியல் பார்க்கப் பங்கீட்டு மன்றத்துக்குப் போனாள்.

மன்றம் ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடம். பணம் பூட்டி வைத்த இரும்பு அறையில் இப்போது தோசை மாவு குளிர்கிறது. கம்பி போட்ட கவுண்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரித்விக் அண்ணாச்சி. எழுபது தாண்டியவர். பணத்தைக் கையால் தொட்டுப் பார்த்த தலைமுறை.

“அண்ணாச்சி, ஏழு பேருல எங்க வீட்டு ஆளு பேரு இல்லையே. சரியாப் பாருங்க.”

“நாலு தடவை பாத்துட்டேன் தங்கச்சி.”

“டாக்டர் சீட்டு குடுத்திருக்கோம்லா?”

“சீட்டு நாப்பத்தோரு பேருகிட்ட இருக்கு. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. அதுக்கு மேல சாட்சி என்ன சொல்லுதாரோ அதுதாம்மா கணக்கு.”

“அடுத்த பட்டியல் எப்ப?”

“அடுத்த ஆகஸ்ட்.”

பொங்கல் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறைமதி கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“எங்க சாட்சிக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா அண்ணாச்சி?”

அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். “நான் சொல்லக் கூடாது. ஆனா ஆதவன் அந்தக் குளத்தை அள்ளலன்னா இந்தத் தெருவுல பாதிப் பேரு இன்னைக்கு இல்ல. சொல்லாமலும் இருக்க முடியல” என்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “முன்னால எல்லாம் ஒங்க வீட்டுக்கு ‘பெரிய குறை’ன்னுதான் வந்துக்கிட்டு இருந்திச்சி. பதினோரு மாசமா ‘குறை இல்லை’ன்னு வருது.”

“குறை இல்லையா?”

“இந்த முறையை வச்சவங்க நல்லதா நெனச்சித்தான் வச்சாங்க. அவனவனைக் கேட்டா அவனவன் அழுவான். ஆபீசரைக் கேட்டா ஆபீசர் ராசா ஆயிருவாரு. அதனால பக்கத்துல இருக்கவங்களைக் கேளு, அடுத்தவங்க கஷ்டத்தைச் சொல்லுததுல மனுசன் பொய் சொல்ல மாட்டான்னு நம்புனாங்க.”

“நம்புனவங்க உப்போடைப் பக்கம் வந்ததில்ல போல.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெல்லிய குரலில் வாசித்தார். “‘அந்த வீட்டில் குறை இல்லை. தெருவே இருமுகிற மாதக் கடைசியில்கூட அங்கே இருமல் சத்தம் கேட்பதில்லை. முப்பதாவது கல்யாண நாளுக்கு மஞ்சள் பட்டுக்கு ரவிக்கை தயாராகிறது. நோய் முற்றிய வீட்டில் இதெல்லாம் நடக்குமா?’ அவ்வளவுதான் இருக்கு. பேரு கீரு எனக்கும் தெரியாது.”

பெயர் தேவைப்படவில்லை. அந்த மஞ்சள் பட்டைப் பற்றி ஆதவனுக்குக்கூடத் தெரியாது. செப்டம்பர் எட்டாம் தேதி கல்யாண நாள். முப்பத்தொன்றாவது கல்யாண நாள் வரப்போவதில்லை என்று உள்ளுக்குள் ஒரு பயம். அதனால் இந்த ஒன்றையாவது அவர் கண் நிறையக் கொண்டாடிவிட வேண்டும் என்று திருட்டுத்தனமாகப் பட்டு எடுத்து ரவிக்கைக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தது ஜோவிட்டாவிடம். அவளிடம்தான் இந்தப் பயத்தையும் சொல்லி, அவள் மடியில் தலை வைத்து அழுதிருந்தாள்.

ஜோவிட்டா அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அவளுடைய தையல் மெஷின் சத்தமும் ஆதவனின் இருமலும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கும். அவள் புருஷன் கடலோடு போன பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று சொல்லுகிற அளவுக்குப் பழக்கம். ஒரே மகள் எலீனா. இருபத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதிலிருந்து கண் மங்கி மங்கி முழுக்கப் போய்விட்டது. இந்த வருஷம் ஏப்ரலில்தான் வளர்த்த கண் ஒன்று கிடைத்தது. அன்றைக்கு இந்த இரண்டு வீட்டிலும் பாயசம் வைத்தது நிறைமதி.

நிறைமதி உள்ளே நுழைந்தபோது ஜோவிட்டா அந்த மஞ்சள் ரவிக்கைக்குத்தான் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“வா நிறை. கை கொஞ்சம் இறுக்கமா வச்சிருக்கேன், போட்டுப் பாரு. பட்டியல் என்னாச்சி?”

“ஒனக்குத் தெரியாதா?”

ஜோவிட்டாவின் ஊசி நின்றது.

“எங்க வீட்டுக்குச் சாட்சி நீதானே ஜோவி?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு...”

“மஞ்சப் பட்டுன்னு எழுதியிருக்கியே. தைக்கக் குடுத்த துணியையே எனக்கு எதிராச் சாட்சி சொல்ல வச்சிட்டியே. இருமல் சத்தம் கேக்கலன்னு எழுதியிருக்க. அவரு எதுக்காக அடக்குதாருன்னு ஒனக்குத் தெரியாது? தலகாணியை வாயில வச்சி அமுக்குததை நீ பாத்ததில்ல?”

ஜோவிட்டா மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட நிறைமதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ரவிக்கையை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“பிரணவ் வந்தான்” என்றாள் கடைசியில். பிரணவ் துறைமுகத்துப் பக்கம் யாருக்கு என்ன ஆக வேண்டும் என்றாலும் நடுவில் நிற்கிறவன். “அவன் அண்ணனுக்கு நுரையீரல் வேணுமாம். ஒங்க வீடு பட்டியல்ல முன்னால நிக்கிதுன்னு எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டான். யாருக்குச் சாட்சின்னு என் வாயைப் பிடுங்கினான். நானும் சொல்லித் தொலைச்சிட்டேன். ‘நீ குறை இல்லைன்னு மட்டும் எழுது, எலீனாவுக்குச் சாட்சி யாருன்னு எனக்குத் தெரியும், அவங்களை நான் சரிக்கட்டிருதேன்’னான். ஆறே மாசத்துல எம்மவ பேரு வந்திருச்சி, நிறை. சொன்ன மாதிரியே வந்திருச்சி.”

“அப்ப அவன் அண்ணன்?”

“ஏழாவது பேரு.”

நிறைமதி துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். பணம் இருந்த காலத்தில் லஞ்சம் என்று ஒன்று இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாம்பு செத்துவிட்டது, விஷமும் போய்விட்டது என்றுதான் அந்தப் பாடத்தை எல்லாரும் படித்தார்கள். காகிதத்தைத்தான் ஒழித்திருக்கிறார்கள். இப்போது ஒருத்தி வாயில் வருகிற வார்த்தையை இன்னொருத்தி வார்த்தைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே ஜோவி.”

“பெத்தவ நான். எம்மவ இருட்டுல தடவிக்கிட்டு நடக்கதைப் பதினோரு வருசம் பாத்தவ. அவரு அம்பத்தெட்டு வருசம் நல்லாவே வாழ்ந்துட்டாரு. அவளுக்கு இனிமேத்தான் எல்லாம். நீ என் எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“கேட்டிருப்பேன். ‘நிறை, எனக்கு இப்படி ஒரு வழி வந்திருக்கு, ஒம் புருசன் உயிரைக் குடுக்கியா’ன்னு மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருப்பேன். நீ பாயசம் குடிச்சிட்டுப் போன. டம்ளரைக் கழுவி வேற வச்சிட்டுப் போன.”

நிறைமதி எழுந்தாள். ரவிக்கையை எடுக்காமல் வந்துவிட்டாள்.

வீட்டில் ஆதவன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையணை மடியில் இருந்தது. இருபத்தொன்பதாம் தேதி அல்லவா, அடக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் பட்டியல் தெரிந்துவிட்டது.

“விடு” என்றார். மூச்சு வாங்கிவிட்டு, “யாருக்கோ நம்மளைவிட அவசரம் இருந்திருக்கும்” என்றார்.

அந்தப் பெரிய மனது அப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

எலீனா. கையில் பொட்டலம்.

“சித்தி, அம்மா இதைக் குடுக்கச் சொன்னா. ஒரே அழுகை. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. ஒங்களுக்குள்ள சண்டையா?”

நிறைமதி வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அந்தப் பெண் தானே பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கண்ணில் இன்னும் கறுப்புத் துணி. திறந்திருந்த மற்றக் கண்ணருகே ரவிக்கையைக் கொண்டுபோய், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுதான் மஞ்சப் பட்டா சித்தி? சின்னப்பிள்ளையில பாத்ததை வச்சி நான் வேற மாதிரி நெனச்சி வச்சிருந்தேன். இது எம்புட்டு நல்லா இருக்கு. இன்னொரு கண்ணும் வரட்டும், ஒங்களை இந்தச் சேலையில நல்லாப் பாக்கணும்.”

ஆதவன் சிரித்தார். மறைத்து வைத்திருந்த ரவிக்கை இப்படி அம்பலமானதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எலீனா போகிறவரை அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைத் தடவாமல், வாசற்படியில் கால் தடுமாறாமல் நடந்து போனாள்.

“கதவைச் சாத்திட்டு வா” என்றார். “ஒரு காரியம் ஆகணும்.”

“எனக்கும் ஒண்ணு சொல்லணும்.”

“மொதல்ல நான் சொல்லிருதேன். மூச்சு இருக்கையிலே.” பக்கத்தில் கிடந்த பலகையைக் காட்டினார். அதில் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது. “பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதும்பாங்க. இத்தனை வருசம் சொன்னதில்ல. இப்ப கை நடுங்குது, எழுத வரல. நீதான் எழுதித் தரணும்.”

“யாருக்கு?”

“இப்பப் போவுதே, அந்தப் புள்ளைக்கு. எலீனாவுக்குச் சாட்சி நாந்தான்.”

நிறைமதி அவரையே பார்த்தாள்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருசம் ஆச்சி. ஒரு மாசம் விடாம எழுதினேன். சும்மா ‘குறை உண்டு’ன்னு எழுதுனா ஆயிரத்துல ஒண்ணாப் போயிரும்லா? அதான் பாத்துப் பாத்து எழுதுவேன். கொதிக்கிற கஞ்சியில கையை விட்டது, பஸ்ஸுல எறங்கத் தெரியாம அடுத்த ஊரு வரைக்கும் போனது எல்லாம். ஏப்ரல்ல பேரு வந்தப்ப...” இருமல் முட்டியது. தலையணையை எடுத்து அழுத்தி, அடக்கி, மறுபடியும் தொடர்ந்தார். “நீ பாயசம் வச்சியே, அன்னைக்கு ரெண்டு டம்ளர் கூடக் கேட்டேன்லா? அதுக்குத்தான்.”

“பிரணவ் ஒங்களைப் பாக்க வந்தானா? எப்பவாவது?”

“எந்தப் பிரணவ்? துறைமுகத்து ஆளா? அவன் எதுக்கு என்னைப் பாக்க வாரான்?”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பிரணவ் யாரையும் சரிக்கட்டவில்லை. எலீனாவுக்குச் சாட்சி யார் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. பெயர் தானாக வந்தது. வந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டான். ஜோவிட்டா எந்தக் கண்ணுக்காக ஆதவனின் மூச்சை விற்றாளோ, அந்தக் கண்ணை அவளுக்குச் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தவர் ஆதவன்தான். அதுவும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

நிறைமதிக்குச் சிரிப்பு வருவது போல் இருந்தது. அது சிரிப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். சொன்னால் இவர் என்ன செய்வார்? ஒரு நாள் பேசாமல் இருப்பார். மறுநாள், ‘பெத்தவ மனசு, நிறை’ என்பார். பிறகும் எழுதச் சொல்வார். அவருக்கு அது முடியும். தனக்கு அது முடியாது என்பதுதான் அவளுக்கு அந்த நிமிஷத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

“நீ என்னமோ சொல்லணும்னியே?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப எழுது. செப்டம்பர்ல கண்ணுக்கு இந்த வருசத்து ரெண்டாவது பட்டியல் வருது. அதுல பேரு வரலன்னா மத்தக் கண்ணு நரம்பு வத்திப்போவுமாம், பெறவு வச்சாலும் பிடிக்காதாம். ‘குறை உண்டு, பெரிய குறை’ன்னு ஆரம்பி.”

அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“தனியாக் கடைத்தெருவைத் தாண்ட இன்னும் பயப்படுதான்னு போடு. ஒரு பக்கமா வருத சைக்கிள் தெரியல, போன வாரம்கூட முட்டி விழுந்தான்னு போடு. முழங்கை செராச்சிருக்கு.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். “போட்டியா?”

“போடுதேன்.”

அவள் விரல் நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடவில்லை. ஜோவிட்டா இன்னும் அழுதுகொண்டிருப்பாள். அழட்டும். எலீனா ரவிக்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. இதுதான் மஞ்சப் பட்டா சித்தி? நிறைமதி கொஞ்ச நேரம் விரலைத் தூக்கியே வைத்திருந்தாள். பிறகு வாயைத் துடைத்துவிட்டுப் போன ஜோவிட்டாவின் முகமும், கவிழ்த்து வைத்த டம்ளரும் ஞாபகம் வந்தன. இரண்டே வார்த்தை எழுதினாள். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லைதான். அவர் சொல்லி முடிக்கிறவரை எழுதுவது போல விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிது. கைநாட்டு வைக்கணும்.”

பலகையை அவர் முன்னால் நீட்டினாள். அவருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. பழக்கத்தில் அவள் கை அதை எடுக்கப் போய், பாதியில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு ஆதவன் தலையை ஆட்டினார்.

“கண்ணாடி எதுக்கு? நீதானே எழுதியிருக்க.”

விரல் நடுங்கியது. இடம் தேடி அலைந்தது. அவள்தான் அவர் கட்டைவிரலைப் பிடித்து, ‘குறை இல்லை’ என்பதன் கீழே வைத்து அழுத்தினாள். பலகை ஒரு முறை மினுங்கி அணைந்தது.

“போயிருச்சா?”

“போயிருச்சி.”

“உண்டுன்னுதானே போட்ட?”

“உண்டுன்னுதான் போட்டேன்.”

முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் அதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த நிம்மதியில் தலையணை மடியிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த இருமல் அத்தனையும் ஒரே மூச்சில் புறப்பட்டு வந்தது. வீடே அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிச்சயமாகக் கேட்டிருக்கும். நிறைமதி அவர் முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.